காய்ச்சல் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்? ஏன் செய்கிறார்கள்?



குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் நம் மனதில் நூறு சந்தேகம் வரும். "எடுத்தவுடனே மருந்து குடுக்காம எதுக்கு ரத்தம் எடுக்குறாங்க?" "முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காமப் போயிருமாமே?" "காய்ச்சல்தான் விட்டுருச்சே, இன்னும் ஏன் அனுப்ப மாட்டேங்குறாங்க?" டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதை நம்பி, பாதி வைத்தியத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறவர்களும் உண்டு. இது குழந்தையின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அங்கே நடப்பதன் காரணம் தெரிந்தால் பயம் குறையும்.

எல்லாக் காய்ச்சலும் ஒன்றா?

இல்லை. குழந்தைகளுக்கு வரும் சளி, காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸ் கிருமியால் வருபவை. இவை சில நாளில் தானாகவே சரியாகும். ஆன்டிபயாடிக் மருந்து வைரஸ் கிருமியை ஒன்றும் செய்யாது. நிமோனியா, சிறுநீர்த் தொற்று, மூளைக்காய்ச்சல், ரத்தத்தில் கிருமி பரவுதல் ஆகியவை பாக்டீரியா கிருமியாலும் வரும். அப்படி வந்தால் ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவை. இரண்டுமே ஆரம்பத்தில் வெறும் காய்ச்சல் போலத்தான் தெரியும். எது எது என்று பிரித்து அறிவதுதான் ஆஸ்பத்திரியில் நடக்கும் முதல் வேலை.

எப்போது உடனே ஓட வேண்டும்?

• பால் குடிக்கவோ, தண்ணீர் குடிக்கவோ முடியவில்லை
• எது கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறது
• வலிப்பு (ஜன்னி) வந்தது
• எழுப்பினாலும் முழிக்காமல் துவண்டு கிடக்கிறது
• மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழே குழி விழுகிறது
• மூச்சு வேகமாக இருக்கிறது

வேகம் என்றால் எவ்வளவு? குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலே போதும், உடனே கிளம்பவேண்டும். உடம்பு சில்லென்று ஆனாலும், அசைவு குறைந்தாலும் அதேதான். "தோஷம் தட்டிருச்சு, மந்திரிச்சுட்டுப் பாக்கலாம்" என்று ஒரு ராத்திரியைக் கடத்தாதீர்கள். அந்த ஒரு ராத்திரிதான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது.

முதலில் மருந்தா, பரிசோதனையா?

ஆஸ்பத்திரிக்குப் போனதும் மூச்சு, நாடித்துடிப்பு, காய்ச்சல் அளவு பார்ப்பார்கள். விரலில் ஒரு கிளிப் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமா என்று பார்ப்பார்கள். கை கால் சில்லிட்டிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்ப்பார்கள். குழந்தை மோசமாக இருந்தால் முதலில் ஆக்சிஜன், குளுக்கோஸ்.

அடுத்து ரத்தம். பயப்படும் அளவு எடுப்பதில்லை. கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குச் சிறு குழந்தையிடம் 1 முதல் 3 மில்லி வரைதான் எடுப்பார்கள். சின்ன டீஸ்பூன் அளவுகூட இல்லை.

இந்தச் சோதனை தயிர் உறை ஊற்றுவது போலத்தான். பாலில் துளி மோர் விட்டு ராத்திரி முழுக்க வைத்தால்தான் தயிராகும். அதுபோல ரத்தத்தில் உள்ள கிருமி வளர்ந்து கண்டுபிடிக்க ஒன்று, இரண்டு நாள் ஆகும். எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரிய மேலும் ஒரு நாள் போல ஆகலாம். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிராகுமா? ஆகாது. மருந்துக் கடையில் நாமே ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனால் இதே கதைதான். உடம்பில் கிருமி இருக்கும், சோதனையில் வளராது. டாக்டருக்கு வழி தெரியாமல் போகும். அதனால்தான் முடிந்தவரை முதலில் ரத்தம் எடுத்துவிட்டு மருந்து போடுகிறார்கள்.

குழந்தை மிகவும் ஆபத்தான நிலையில் இருந்தால் சோதனைக்காக மருந்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். கிருமி பரவி ரத்த ஓட்டம் குறைந்துவிட்ட குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்று 2020-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. நாம் சீக்கிரம் போவது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே புரியும்.

முதுகில் ஊசி போட்டால் ஆபத்தா?

மூளைக்காய்ச்சல் சந்தேகம் இருந்தால் கீழ் முதுகிலிருந்து சில சொட்டு நீர் எடுப்பார்கள். தண்டுவட நரம்பு முடியும் இடத்துக்குக் கீழேதான் ஊசி போகிறது. அதனால் கால் விளங்காமல் போகும் என்ற பயம் வேண்டாம். மூளைக்காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டால்தான் காது கேட்காமல் போவது, வலிப்பு, கை கால் ஊனம் எல்லாம் வரும். சம்மதம் கேட்கும்போது சந்தேகத்தைக் கேளுங்கள், ஆனால் மறுத்துவிடாதீர்கள்.

ஆரம்பித்த மருந்தை ஏன் நிறுத்தினார்கள்?

சில குழந்தைகளுக்கு இரண்டு நாளில் கிருமி இல்லை என்று ரிசல்ட் வரும், குழந்தையும் தெளிவாக இருக்கும். அப்போது டாக்டர் ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாம். "தப்பான மருந்து குடுத்துட்டாங்க" என்று சண்டை போடவேண்டாம். சந்தேகம் வந்தது, பாதுகாப்புக்குத் தொடங்கினார்கள், இல்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். அதுதான் சரியான வைத்தியம். "ஊசி போடல, சத்தான மருந்து குடுக்கல" என்று கோபிப்பதும் அப்படித்தான். தேவையில்லாமல் கொடுக்கக் கொடுக்கக் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்கு நிஜமாகத் தேவைப்படும்போது மருந்து கேட்காது.

கிருமி இருப்பது உறுதியானால் நிலைமை வேறு. இரண்டாம் நாளே காய்ச்சல் விடலாம், குழந்தை சிரிக்கலாம். ஆனால் உள்ளே கிருமி முழுதாக ஒழிந்திருக்காது. பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி என்றால் ஒரு வாரம், பத்து நாள் வரை ஊசி தேவைப்படலாம். மூளைக்காய்ச்சலுக்கு அதற்கும் மேல் ஆகலாம். கூலி போகுதே, வீட்டில் மற்ற பிள்ளைகள் தனியாக இருக்குதே என்று கையெழுத்துப் போட்டு வந்துவிட்டால், கிருமி மறுபடி தலைதூக்கும்.

தாய் செய்ய வேண்டியவை

• தடுப்பூசி அட்டை, ஏற்கெனவே கொடுத்த மருந்தின் அட்டை அல்லது பாட்டிலைக் கொண்டுபோங்கள். திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்.
• எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லுங்கள்.
• டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.
• குழந்தையைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பார்க்க வரும் கூட்டத்தைக் குறையுங்கள்.
• ஊசி குத்திய இடம் சிவந்து வீங்கினால், குழந்தை மறுபடி துவண்டால் உடனே நர்சிடம் சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.
• வீடு திரும்பும்போது எந்த மருந்து, எத்தனை வேளை, எத்தனை நாள், மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.
• அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

குழு செய்யக்கூடியவை

ஆஸ்பத்திரிக்குப் போவது தாமதமாவதும், பாதியில் திரும்புவதும் பல வீடுகளில் பணத்தால்தான். 108 ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை. மத்திய அரசு 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் இலவசம். பின்னர் இது ஒரு வயது வரையிலான குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனாலும் சாப்பாட்டுச் செலவும் கூலி இழப்பும் இருக்கத்தான் செய்யும். அவசர மருத்துவக் கடனுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திராமல், ஊக்குநரும் பிரதிநிதிகளும் அன்றைக்கே கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் உறுப்பினரின் மற்ற பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது, ஆடு மாட்டை யார் பார்ப்பது என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியையும் மறக்காதீர்கள். 6, 10, 14-வது வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் இந்தக் கிருமிகளில் சிலவற்றை வராமலே தடுப்பவை. இந்த மாதக் கூட்டத்தில் கைக்குழந்தை உள்ள உறுப்பினர்களின் அட்டைகளை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். விடுபட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் அழைத்துப் போங்கள். மூச்சு எண்ணுவதை ஒரு குழந்தையை வைத்து எல்லோரும் ஒருமுறை செய்து பழகுங்கள். கடிகாரம் ஒன்று இருந்தால் போதும்.