கட்டிடம் நமது, கருத்து யாருடையது?

அறிவுதான் இனி மூலதனம் என்கிறார்கள். நிலம் வைத்திருந்தவன் செழித்த காலம் போயிற்று, ஆலை வைத்திருந்தவன் செழித்த காலமும் தேய்கிறது, இனி அறிவு உள்ள நாடே வாழும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். மெத்தச் சரி! மறுப்பார் யார்? ஆனால், யாருடைய அறிவு? அதுவன்றோ கேள்வி!

விடை தேடிச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. பல்லாவரத்தைத் தாண்டி வண்டலூர் வரையிலே உள்ள சில மைல் தூரம் போதும்.

குரோம்பேட்டை — நாள்தோறும் நாம் உச்சரிக்கும் பெயர். மன்னன் பெயருமல்ல, மகேசன் பெயருமல்ல. தோல் பதனிடும் ஒரு முறையின் பெயர்! குரோமிய உப்பைக் கொண்டு தோலைப் பதனிடும் வித்தையைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் சோதித்துப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன், சர்க்கார் ஊழியர். சர்க்கார் பணம், சர்க்கார் பள்ளி, சர்க்கார் சோதனை. நட்டம் வந்தால் சர்க்காருக்கு, வித்தை பழகிவிட்டால் ஊருக்கு. தொழில் நடத்துவது சர்க்காரின் வேலையல்ல என்று 1910-இல் லண்டனிலிருந்து மார்லி பிரபு தடை போட்டார். தடை போட்டாலும் பிறந்த வித்தை சாகவில்லை. 1912-இல் சேம்பர்ஸ் என்பார் இங்கே குரோம் தோல் ஆலை நிறுவினார். ஊருக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னும் கொஞ்சம் தெற்கே செல்வோம். பெருங்களத்தூர் — வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்தது நினைவிருக்கிறதா? பெரியவர்களைக் கேளுங்கள், ஹெரால்டு கார் என்றதும் அவர்கள் கண்ணிலே ஒரு வெளிச்சம் தெரியும். கார் நமது சாலையிலே ஓடிற்று; வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்தது. நம்மவருக்குத் திறமை இல்லையா? இரண்டு கதவு வைத்து அவர்கள் செய்த ஹெரால்டை நான்கு கதவுக் காராக மாற்றிக் காட்டியவர்கள் நம்மவர்கள்தாம்! திறமை இருந்தது. புதியதொரு என்ஜினை அடியிலிருந்து ஆக்கும் ஆராய்ச்சிக்கூடமும், அதற்குச் செலவிடும் துணிவும் அல்லவோ வேண்டும்? 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்று வந்தது. உடல் பிரிட்டிஷ் ரோவருடையது. உள்ளே இருந்த என்ஜினோ பழைய வான்கார்டு காலத்துச் சரக்கு. விலை அதிகம், பெட்ரோல் தாகம் அதைவிட அதிகம். சின்னஞ்சிறு மாருதி சந்தையை வளைத்துக்கொண்டது. 1988-இல் ஆலைக்குப் பூட்டு! அந்த வாசலிலே சங்கு ஊதினால் சோற்றுக்கு உலை வைத்த குடும்பங்கள் எத்தனை! அந்த நிலத்திலே இன்று கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டிடங்கள் பளபளக்கின்றன.

இவ்விரண்டுக்கும் இடையிலே மற்றொரு கதை உண்டு. தமது மாளிகையை விற்று, 1949-இல் குரோம்பேட்டையிலே சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியை, நாம் எம்.ஐ.டி. என்கிறோமே அதை, நிறுவினார் சி. ராஜம். விமானம், மோட்டார், மின்னணு, கருவியியல் என்று பாடங்கள். விமானம் கட்டும் தொழில் ஊரிலே இல்லாத நாளில் விமானப் பாடம்! வீண் வேலை என்று சிரித்தவர்கள் இருந்திருக்கக்கூடும். அங்கே படித்த அப்துல் கலாம் நடத்திய திட்டத்தில்தான் 1980-இல் எஸ்.எல்.வி. 3 ரோகிணியைச் சுமந்து விண்ணேறிற்று. அங்கே படித்த ரங்கராஜன், கதை உலகிலே சுஜாதா, பெல் நிறுவனத்திலே வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தை முன்னின்று நடத்தினார். இன்று நாடே அந்தப் பொத்தானைத்தான் அழுத்துகிறது!

ஆலை போயிற்று, கல்லூரி நிற்கிறது. ஏன்? ஒன்று இரவல் அறிவு, மற்றொன்று சொந்த அறிவு.

தரமணியில் 2000-இல் டைடல் பூங்கா திறந்தது நல்ல காரியம். எளிய வீட்டுப் பிள்ளைகள் பல்லாயிரவர் கழுத்திலே அட்டை மாட்டிக்கொண்டு மாதச் சம்பளம் வாங்குவதும், அந்தச் சம்பளத்தில் தங்கைக்குப் பட்டப்படிப்பு கிட்டுவதும் பெருமைதான். (சதுப்பு நிலத்தைத் தூர்த்து அறிவுக்கு மாளிகை கட்டும் அந்த அறிவை மட்டும் என்னென்பது!) ஆனால் அவர்களிலே பெரும்பாலோர் செய்யும் வேலையின் வரைபடம் எங்கே தீட்டப்படுகிறது? கடல் கடந்து. அங்கே ஒருவர் கணக்கை மாற்றிப் போட்டால் இங்கே அடுப்பு அணையும். தாம்பரத்துக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரிலே கண்டோமே! 2006-இல் நோக்கியா வந்தது; 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது; ஆயிரக்கணக்கில் இளைஞர்களும் பெண்களும் தெருவுக்கு வந்தனர். இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்திருக்கிறது. சொன்னதைச் செய்யும் வேலையை அது விரைவிலே கற்றுக்கொள்ளும். எதைச் செய்வது என்று தீர்மானிக்கும் வேலைக்கு இன்னமும் ஆள் வேண்டும்.

அரசு என்ன செய்யலாம்? சாட்டர்டன் செய்ததைச் செய்யலாம். தனியார் தொடத் தயங்கும் சோதனையைத் தன் செலவிலே செய்து, பழகிய வித்தையைச் சிறு பட்டறைக்காரருக்குக் கொடுக்கலாம். குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அங்கே 1984 முதல் ஏற்றுமதி வளாகம் இருக்கிறது. கல்லூரி ஒரு ஸ்டேஷனிலே, தொழில் மறு ஸ்டேஷனிலே! வளாகத்துச் சிறு தொழிலதிபர் தமது பழுதை எடுத்துக்கொண்டு கல்லூரிச் சோதனைக்கூடத்துக்குள் உரிமையோடு நுழையும் ஏற்பாடு வேண்டாமா? 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கதவு திறந்தாயிற்று, உள்ளே வந்த முடிச்சூர்ப் பிள்ளைக்கு ஆராய்ச்சி மேசையும், அதிலே அமர்ந்து நாலு முறை தோற்றுப்போக உதவிப்பணமும் யார் தருவது?

நிறுவனங்களுக்கு நிலமும் சலுகையும் தரும்போது ஒப்பந்தத்திலே எத்தனை பேருக்கு வேலை என்று எழுதி வாங்குகிறார்கள். அதன் கீழே இன்னும் இரண்டு வரி சேர்க்கட்டும்: இங்கே எத்தனை வடிவமைப்பு நடக்கும், அதிலே எத்தனைக்கு உரிமை இந்த மண்ணில் பதிவாகும் என்று.