சமூக ஊடகத்தை விடுதலும் கவனத்தை மீட்டலும்

"நேரம் போதவில்லை" என்பது இந்நாளில் மாணவர் முதல் முதியோர் ஈறாக யாவர் வாயிலும் கேட்கப்படும் முறையீடு. நம் பாட்டன்மாருக்கும் நாளொன்றுக்கு நாழிகை அறுபதே இருந்தன. கிணற்றில் நீர் இறைத்தற்கும், உரலில் நெற்குற்றுதற்கும், சந்தைக்கு நடந்து மீளுதற்கும் அவர்கள் செலவிட்ட பொழுதெல்லாம் இன்று நமக்கு மிச்சமாகியுள்ளது. அம்மிச்சம் எங்கே போயிற்று என ஆராயப் புகின், குறைந்தது பொழுதன்று, பொழுதில் ஊன்றி நிற்கும் கவனமே என்பது புலனாகும்.

நூல்நிலையத்தில் ஒரு மாணவன் புத்தகம் விரித்திருக்கின்றான். ஒரு பக்கம் முடியுமுன் அவன் கை இருமுறை சட்டைப்பைக்குச் செல்கின்றது. கைத்தொலைபேசி ஒலிக்கவில்லை, ஒருவரும் அவனை அழைக்கவுமில்லை. ஆயினும் கை செல்கின்றது. மாணவனை மட்டும் குறை கூறுதல் தகாது. அவனுக்கு எதிரே அமர்ந்து விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் கையும் அவ்வாறே செல்கின்றது. அக்கை ஏன் சென்றது என்பதை விளக்குதலும், முகநூல் முதலியவற்றை விட்டொழிக்க விழைவோர் அறிந்திருக்க வேண்டியவை எவை என்பதை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உளநூலார் ஸ்கின்னர் என்பார் பேஸ்ரர் என்பவருடன் சேர்ந்து 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூல் இதற்குத் திறவுகோலாக உள்ளது. கூட்டில் அடைக்கப்பட்ட புறா ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும்படி அவர்கள் அமைத்தனர். குறித்த எண்ணிக்கை கொத்தியதும் தவறாது தானியம் விழுமாயின், புறா ஒவ்வொரு முறை தானியம் பெற்றதும் சற்று ஓய்ந்து பின்னரே கொத்தத் தொடங்கும். தானியம் எப்போது விழும் என்பது நிச்சயமற்றதாயின், ஓய்வின்றிக் கொத்திக்கொண்டேயிருக்கும். சூதாடுவான் இடம்விட்டு எழாமைக்குரிய காரணமும் இதுவே. பயன் கிடைத்தலினும், கிடைக்கலாம் என்னும் ஐயமே உயிரைப் பிணிக்கும் கயிறு என்க.

சமூக ஊடகத்தின் அமைப்பை இக்கண்கொண்டு நோக்குக. 2004 இல் தோன்றிய முகநூலில், முதலில் ஒருவர் பக்கத்தைக் காண வேண்டுமாயின் நாமே அவரைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. 2006 செப்ரெம்பரில் செய்தியோடை புகுத்தப்பட்டது. நாம் தேடாமலே யாவர் செய்தியும் நம்மைத் தேடி வரலாயின. 2009 பெப்ரவரியில் விருப்பக்குறி வந்தது. ஒரு படத்தை இட்டவர்க்கு எத்தனை பேர் எப்போது விருப்பம் தெரிவிப்பர் என்பது தெரியாது. ஆகலின் அடிக்கடி திறந்து பார்க்கின்றார். புறாவின் பொத்தான் இங்கே கைக்குள் வந்து விட்டது. இவற்றோடு, முடிவின்றிக் கீழ்நோக்கிச் செல்லும் பக்கம் ஒன்றை அசா ரஸ்கின் என்னும் அமெரிக்கர் 2006 இல் வகுத்தார். புத்தகத்திற்குப் பக்கம் முடிகின்றது. பத்திரிகைக்குத் தாள் முடிகின்றது. முடியுமிடத்தில் மனம் சற்று நின்று, "இனி எழலாமா" எனத் தன்னையே வினவுகின்றது. அவ்வினாவுக்கு இடமில்லாமற் செய்தது இவ்வமைப்பு. அதனை வகுத்தவரே பிற்காலத்தில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

இங்ஙனம் மக்களைப் பிணித்து வைத்தலால் யாருக்கு என்ன ஊதியம்? முகநூலைப் பயன்படுத்துவோருட் பெரும்பாலோர் பணம் கொடுப்பதில்லை. ஆயினும் அதனை நடத்தும் மெற்றா நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு வருவாயில் 95 வீதத்திற்கும் மேற்பட்ட பகுதி விளம்பரத்தால் வந்தது. விளம்பரம் செய்வோர் விலை கொடுத்து வாங்குவது நம் பார்வையை. செய்தி பெருகப் பெருக அதனை நுகரும் கவனம் அருகும் என்று பொருளியல் அறிஞர் ஹேர்பேட் சைமன் 1971 இலேயே எடுத்துக் காட்டினார். அருகிய பொருளுக்கு விலை ஏறுதல் இயல்பே. இன்னுமொன்று. 2012 ஜனவரியில் 689,003 பேரின் செய்தியோடையில் மகிழ்ச்சிச் செய்திகளையோ துயரச் செய்திகளையோ குறைத்து, அவர்தம் எழுத்தின் மனநிலை மாறுகின்றதா என்று முகநூலார் சோதித்தனர். இவ்வாய்வு 2014 இல் வெளியானபோது பெருங்கண்டனம் எழுந்தது. கண்டறியப்பட்ட மாற்றம் மிகச் சிறிது. ஆயினும் தாம் சோதிக்கப்படுகின்றோம் என்பதை அவருள் ஒருவரும் அறிந்திலர் என்பதே நம் சிந்தைக்குரியது.

இவற்றையெல்லாம் எடுத்துக் கூறின், இளைஞர் சிலர் ஒரு மறுப்புக் கூறுவர்: "ஒரே வேளையில் பல காரியங்களைக் கவனிக்கும் ஆற்றல் எங்கள் தலைமுறைக்கு உண்டு, நம் அவதானிகள் செய்ததும் அதுவன்றோ?" இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. தமிழர் போற்றிய கலைகளுள் அவதானம் ஒன்று. நம் புலோலியூரைச் சேர்ந்த நா. கதிரைவேற்பிள்ளை அவர்கள் சதாவதானி எனப் பெயர் பெற்றவர். சென்னை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து திரு. வி. க. அவர்கட்கு ஆசானாக விளங்கியவர். 1907 இல் சென்னையில் செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள் சதாவதானம் நிகழ்த்தி அவையோரை வியப்பித்தார். அவ்வவையில் நிகழ்வது யாது? ஒருவர் அவதானியின் முதுகிற் கல்லெறிவார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்வார். வேறொருவர் கணக்கு வினவுவார். மற்றொருவர் எதிரே சதுரங்கக் காய் நகர்த்துவார். யாவற்றையும் ஏற்று, இறுதியிற் கற்களின் தொகையையும் மணியோசையின் தொகையையும் பிழையாது கூறி, வெண்பாவையும் முடித்தல் வேண்டும்.

ஈண்டு உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. அவதானி எதனையும் நழுவ விடுவதில்லை. பன்னாட் பயிற்சியால் உரம் பெற்ற மனம், வந்தவற்றை ஒவ்வொன்றாய் வாங்கி உரிய இடத்தில் வைத்துக் காத்து, வேண்டியபோது எடுத்துக் கொடுக்கின்றது. கைத்தொலைபேசியில் ஒரு மணி நேரம் ஐந்நூறு படங்களைத் தள்ளிப் பார்த்தவரிடம் அவற்றுள் ஐந்தைக் கூறுக என்று கேட்டுப் பாருங்கள். அவதானம் கவனத்தின் முதிர்ச்சி. இது கவனத்தின் சிதறல். இரண்டும் புறத்தோற்றத்தில் ஒத்திருப்பினும் நீர் நிறைந்த குளத்துக்கும் நீர் தெறித்த நிலத்துக்கும் உள்ள வேறுபாடு அவற்றிடையே உண்டு. சோபி லெரோய் என்னும் ஆய்வாளர் 2009 இல் காட்டிய உண்மையும் இதற்கு அரணாகும். ஒரு வேலையை அரைகுறையாய் விட்டு மற்றொன்றிற்குச் செல்வோரின் மனத்தில் முன்னையதன் எச்சம் தங்கி நிற்கும்; அதனால் பின்னையதும் செவ்வையாய் நடைபெறாது. அந்நூல்நிலைய மாணவன் கைத்தொலைபேசியை அரை நிமிடத்தில் மீண்டும் பைக்குள் இட்டுவிடுகின்றான். அவன் கண்ட செய்தியின் எச்சமோ அடுத்த பக்கம் முழுவதும் அவனோடு செல்கின்றது.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதலை வாசகர் பொறுத்தருள்வாராக. என் தந்தையார் தம் இறுதி ஆண்டில், தம் பேரனார் ஊரிலிருந்து கதிர்காமத்திற்கு நடையாய்ச் சென்ற கதையை ஒரு மாலை விறாந்தையிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவர்கள் தங்கிய மடங்கள், கடந்த ஆறுகள், வழியில் நோயுற்ற ஒருவரைச் சுமந்து சென்ற செய்தி என்று கதை வளர்ந்தது. நான் "ஓம், ஓம்" என்று கூறிக்கொண்டு முகநூல் பார்த்திருந்தேன். ஓரிடத்தில் அவர் நிறுத்திவிட்டார். நிறுத்தியதை நான் அறியச் சில நிமிடங்கள் சென்றன. "பிறகு என்ன நடந்தது, ஐயா?" என்று கேட்டேன். "பிறகு சொல்லுகிறேன், நீ உன் அலுவலைப் பார்" என்றார். அந்தப் "பிறகு" வரவேயில்லை. சுமந்து செல்லப்பட்டவர் பிழைத்தாரா என்பதை எனக்குக் கூறத்தக்கவர் இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவருமில்லை.

இனி, விட்டவர்க்கு விளைவது யாது என்பதைக் காண்போம். இதுபற்றிய நல்லதோர் ஆய்வு ஐக்கிய அமெரிக்காவில் 2018 ஆம் ஆண்டு இடைக்காலத் தேர்தலுக்கு முன் நடைபெற்றது. ஸ்ரான்போர்ட், நியூயோர்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளியலாளர் நால்வர் முகநூல் பயன்படுத்துவோர் 2,700 இற்கும் மேற்பட்டோரைச் சேர்த்தனர். அவருட் சிலரைக் குலுக்கல் முறையால் தெரிந்து, நான்கு வாரம் முகநூலை நிறுத்தி வைக்கும்படி 102 டொலர் கொடுத்தனர். பெறுபேறுகள் 2020 இல் வெளியாயின. நிறுத்தியவர்க்குச் சராசரி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. அந்நேரம் வேறு சமூக ஊடகங்களுக்குச் செல்லவில்லை. உற்றார் நண்பரோடு கூடியிருத்தல் கூடிற்று. மகிழ்ச்சியும் வாழ்வில் மனநிறைவும் சிறிது உயர்ந்தன. அரசியற் கொள்கைகள் பற்றிய கருத்துப் பிளவு குறைந்தது. காலம் முடிந்து பணம் பெற்ற பின்னரும் பலர் முன்போல் முகநூலுக்குத் திரும்பவில்லை.

ஆயினும் அவ்வாய்வு கூறும் மற்றைப் பக்கத்தையும் மறைத்தல் முறையன்று. நிறுத்தியவர்களின் நாட்டு நடப்பறிவு குறைந்தது. மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி தனியே அமர்ந்து தொலைக்காட்சி பார்த்தலிற் கழிந்தது. மகிழ்ச்சி உயர்ந்த அளவும் பெரிதன்று. 2019 இல் ஓர்பென், பிரிசிபில்ஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் பேரெண்ணிக்கையான இளையோரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்தம் நலனில் காணப்படும் வேறுபாட்டில் இத்தகைய கருவிகளின் பயன்பாட்டோடு தொடர்புபடுவது மிகுதியாய்ப் பார்த்தாலும் 0.4 வீதமே என்று காட்டினர். ஆகவே, கைத்தொலைபேசியை எறிந்த மறுநாளே துன்பம் யாவும் தீரும் என்று மேடைகளிற் பேசுவோர் கூற்றை யாம் உடன்படுகின்றிலேம். விட்டவர் பெறுவது வெறும் இடம் மாத்திரமே. அவ்விடத்தில் வைப்பதற்கு முன்னரே ஒன்று ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வாசிக்கத் தொடங்கி நின்றுபோன நூலோ, பழகி விட்டுப்போன மிருதங்கமோ, மாலையில் உடன் நடக்க ஒரு நண்பரோ எதுவாயினும் ஆகுக. வெறுமையாய் விடப்பட்ட இடத்தில் தொலைக்காட்சி வந்து அமரும்.

நம் நாட்டில் அரசே நம்மை விடச்செய்த காலங்களும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்து வன்செயலின்போதும், 2019 ஏப்பிரிலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்பும், 2022 ஏப்பிரில் 3 ஆம் நாளிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அந்நாட்களில் மக்கள் கவனத்தை மீட்டனரா? இல்லை, பலர் வீபீஎன் என்னும் சுற்றுவழியைத் தேடினர். ஏனையோர் அச்சமுற்றனர். பிறர் பறிப்பது துறவாகாது. அன்றியும், முடக்கத்துள் வட்ஸ்அப், வைபர் ஆகியவையும் அகப்பட்டமையால், கடல் கடந்த பிள்ளைகளின் குரல் பெற்றோர்க்கு எட்டாமற் போயிற்று. 1983 இன் பின் கனடாவிலும் இலண்டனிலும் ஐரோப்பாவிலும் சிதறிய குடும்பங்களைக் கொண்ட நமக்கு இது சிறு குறையன்று. பேரப்பிள்ளையின் முகத்தை அக்கண்ணாடியில் மட்டுமே கண்ட பாட்டிமார் நம் ஒழுங்கைகளில் வீட்டுக்கு வீடு உளர். அவர்களிடம் சென்று "விட்டுவிடுங்கள்" என்று உபதேசித்தல் கொடுமை.

எனவே வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒருவர் ஒருவரோடு பேசுதற்குரிய தூது ஒன்று. யாரோ தெரிந்தெடுத்து நம்முன் இடையறாது ஓடவிடும் ஓடை மற்றொன்று. இரண்டும் ஒரே கருவியுள் இருத்தலால் ஒன்றெனத் தோன்றுகின்றன. தூதினை வைத்துக்கொண்டு ஓடையை விடுதல் கூடும். மகளோடு பேசியபின் கருவியை வைத்துவிடலாம். அவ்வுரையாடலுக்கு முடிவு உண்டு. ஓடைக்கு முடிவில்லை.

பதினாறு வயதுக்குட்பட்டோர் இவ்வூடகங்களிற் கணக்கு வைத்தலைத் தடுத்து அவுஸ்திரேலியா 2024 நவம்பரிற் சட்டம் இயற்றி, 2025 டிசெம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அதன் பயனை இப்போதே எடைபோடுதல் அவசரம். வளர்ந்தோர் சட்டத்தை எதிர்பாராது செய்யத்தக்கன சில உள. முகநூலிற் கணக்கை நிறுத்தி வைத்தல் வேறு, அழித்தல் வேறு. நிறுத்தி வைத்தது நாம் மீண்டும் உட்புகுந்ததும் உயிர் பெறும். அழிக்க வேண்டுமாயின், முன்னரே படங்களைப் பிரதி செய்துகொள்ளுதல் நன்று. வேண்டுகோள் விடுத்தபின் 30 நாள் தவணை உண்டு. அத்தவணையுள் மனம் மாறியவர் அதனை இரத்துச் செய்யலாம். மனம் மாறுவது பெரும்பாலும் இரவில், படுக்கையிலே நிகழும். ஆகவே கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்து உறங்குதலும், எழுதற்கு ஒரு சாதாரண மணிக்கூடு வாங்குதலும் வேண்டியன. சிறு காரியம் என்று இதனை இகழற்க.

நான் விட்டபோது எதிர்பாராத இடையூறு ஒன்று வந்தது. மரண அறிவித்தல்கள் இந்நாளில் முகநூலிலேயே முதலில் வருகின்றன. என்னோடு கற்ற ஒருவரின் தாயார் காலமான செய்தி எனக்கு எட்டவில்லை. எட்டுச் செலவும் முடிந்தபின்பே அறிந்தேன். துக்கம் விசாரிக்கச் சென்றபோது அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் நான் நாணினேன். அதன்பின் அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம், இத்தகைய செய்தி வந்தால் எனக்குத் தொலைபேசியில் ஒரு சொல் அறிவிக்குமாறு கேட்டுக்கொண்டேன். அவர் ஒரு சொல்லோடு நிறுத்துவதில்லை. இறந்தவர் யார், எவ்வூரில் மணம் முடித்தவர், எந்த ஆண்டு எந்த வகுப்பில் தம்மிடம் படித்தவர் என்று அரைமணி நேரம் சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.