அக்கிக்கு மாத்திரை: முதல் 72 மணி நேரம் ஏன் முக்கியம்?

இன்னைக்கு அக்கி பத்திப் பேசலாம். உடம்புல ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், வலி. அப்புறம் அதே இடத்துல கொத்துக்கொத்தா நீர்க்கொப்புளம். நம்ம ஊர்ல இதுக்குக் காவியால 'அக்கி எழுதுற' பழக்கம் இன்னும் இருக்கு. அதை நான் கிண்டல் பண்ண வரல. அந்த நம்பிக்கையில கழியிற நாட்கள்தான் என் கவலை.

அக்கியைக் கொண்டு வர்றது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். சின்னம்மை வந்தப்போ உள்ளே போன அதே ஆள்தான். நரம்புல பல வருஷம் தூங்கிட்டு, எதிர்ப்பு சக்தி குறையும்போது முழிச்சுக்கிறான்.

இதுக்கான மருந்து அசைக்ளோவிர். கோடு எழுதுற எனக்கு இது வேலை செய்யிற விதம் ரொம்பப் பிடிக்கும். வைரஸோட சொந்த என்சைம்தான் இந்த மருந்தை உசுப்பிவிடுது. உடனே மருந்து ஒரு போலிச் செங்கல் மாதிரி வைரஸோட டிஎன்ஏ சங்கிலிக்குள்ள போய் உட்காருது. அதுக்கு மேல சங்கிலி வளராது. வைரஸ் இல்லாத செல்களைப் பெரும்பாலும் தொடாது.

ஆனா இது புது வைரஸ் உருவாகுறதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே நரம்புக்கு ஆன சேதத்தைத் திருப்பாது, தூங்குற வைரஸை அழிக்கவும் செய்யாது. அதனாலதான் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க. அந்த நேரம் தாண்டினாலும் டாக்டரைப் பாருங்க. புதுக் கொப்புளம் வந்துட்டே இருந்தா அப்பவும் மருந்து தரலாம்.

பெரியவங்களுக்கு வழக்கமான அளவு 800 மி.கி., ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். மருந்து சீக்கிரமே சிறுநீர்ல வெளியேறிடும், அதான் இத்தனை வேளை. வாலசைக்ளோவிர்னா 3 வேளை போதும். எது, எவ்வளவுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். வலி குறைஞ்சிடுச்சுன்னு பாதியில நிறுத்தாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனா, அடுத்த வேளைக்கு ரெண்டா போடாதீங்க.

மருந்து வெளியேறுறது சிறுநீரகம் வழியா. தண்ணி குறைஞ்சா அங்கே படிகமாத் தேங்கலாம். அதனால நல்லா தண்ணி குடிக்கணும். வயசானவங்க, சர்க்கரை உள்ளவங்க, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவங்க அதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லணும். அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். வலிக்குன்னு ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரையை நீங்களா சேர்க்காதீங்க. மாத்திரை போடுறவங்க திடீர்னு குழப்பமாப் பேசினாலோ, சிறுநீர் குறைஞ்சாலோ, உடனே ஆஸ்பத்திரி.

நெத்தி, கண்ணோரம், மூக்கு நுனியில கொப்புளம்னா அன்னைக்கே கண் டாக்டர். பார்வையே போகலாம்.

அக்கி அதிகம் வர்றது 50 வயசுக்கு மேல. அதனால இந்த எபிசோடை அப்பா, அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!