மெழுகுவர்த்தி மூட்டிய தீ!
அணு உலை ஓட்டுகிறவர்கள் படிக்கும் பாடம்

1975-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி. சனிக்கிழமை. பகல் 12-20 மணி.

அமெரிக்காவில் அலபாமா மாகாணம். அங்கே டென்னசி ஆற்றங்கரையில் "பிரௌன்ஸ் பெர்ரி" என்ற அணு மின்சார நிலையம் இருக்கிறது. அன்று அங்கே இரண்டு அணு உலைகள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 1,100 மெகாவாட் மின்சாரம் கொடுக்கக் கூடியது.

இரண்டு உலைகளையும் ஓட்டுகிறவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே இன்னொரு அறை. அதில் மனிதர்களுக்கு வேலை அதிகம் இல்லை. கேபிள்கள்தான் குடியிருந்தன. தட்டுத்தட்டாக, கட்டுக்கட்டாக, ஆயிரக்கணக்கான கேபிள்கள்! நம் உடம்பில் நரம்பு எப்படியோ, அணு உலைக்குக் கேபிள் அப்படி. மேலே ஒருவர் பொத்தானை அழுத்தினால், அந்தக் கட்டளையைப் பம்புக்குக் கொண்டு போவது கேபிள்தான்.

அந்தக் கேபிள்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு உலை இருக்கும் கட்டிடத்துக்குள் போகின்றன. துளை வழியாகக் காற்று ஒழுகக் கூடாது. ஒழுகுகிறதா என்று பார்க்க இரண்டு தொழிலாளிகள் வந்தார்கள்.

எதை வைத்துப் பார்த்தார்கள் தெரியுமா? ஒரு மெழுகுவர்த்தியை வைத்து!

சுடர் சாய்ந்தது

சுடரை ஓட்டையின் அருகே பிடிக்க வேண்டும். சுடர் நேராக நின்றால் ஓட்டை இல்லை. சாய்ந்தால் ஓட்டை இருக்கிறது. ஓட்டை இருந்தால் பஞ்சு போன்ற ரப்பர் நுரையை வைத்து அடைக்க வேண்டும். வழக்கமாக அப்படித்தான் செய்து வந்தார்கள்.

அன்றும் ஓட்டை இருந்தது. நுரையைத் திணித்தார்கள். சரியாக அடைபட்டதா என்று மறுபடியும் மெழுகுவர்த்தியை நீட்டினார்கள். அங்கே காற்று இழுப்பு பலம். சுடரை "சுர்ர்" என்று உள்ளே இழுத்தது. நுரை பற்றிக்கொண்டது.

கையில் இருந்த டார்ச் விளக்கால் தீயை அடித்தார்கள். அணையவில்லை. கந்தல் துணியால் அமுக்கினார்கள். அணையவில்லை. தீயணைக்கும் கருவிகளைக் கொண்டுவந்து பீச்சினார்கள். அதற்குள் தீ சுவரின் மறுபக்கம் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு நாள் முன்பும் இதே போல ஒரு சின்னத் தீ பிடித்தது. அணைத்தார்கள். குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்கள். மெழுகுவர்த்தியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

தீப்பிடித்துச் சுமார் 15 நிமிடம் கழித்துத்தான் அபாயச் சங்கு ஊதப்பட்டது. தீ விபத்தைச் சொல்ல எந்த டெலிபோன் நம்பரைக் கூப்பிட வேண்டும் என்பதிலேயே குழப்பம்!

பேய் பிடித்த விளக்குகள்

மேலே இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். அவர்கள் தொடாத பம்புகள் தாமாக ஓட ஆரம்பித்தன. நிறுத்தினால் மறுபடியும் ஓடின. பலகையில் இருந்த விளக்குகள் திடீரென்று பிரகாசமாக எரிந்தன, பிறகு மங்கின, அணைந்தன. கீழே கேபிள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி எரிந்துகொண்டிருந்ததால் வந்த வினை அது.

தீப்பிடித்துச் சுமார் அரை மணி நேரம் கழித்து முதல் உலையை நிறுத்தினார்கள். சிறிது நேரத்தில் இரண்டாவது உலையையும் நிறுத்தினார்கள்.

நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. மண்சட்டியில் குழம்பு வைக்கிறோம். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு கொதிக்கிறது அல்லவா? அணு உலையும் அப்படித்தான். நிறுத்திய உடனே நூற்றில் ஆறு ஏழு பங்கு வெப்பம் இருக்கும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். ஆனால் முற்றிலும் போகப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே உலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் உள்ளே இருக்கும் யுரேனியம் உருகிவிடும். விஷக் கதிர் வெளியே வரும் அபாயம் உண்டு.

ஆபத்துக் காலத்தில் தண்ணீர் விடுவதற்கென்றே பெரிய பம்புகள் இருந்தன. முதல் உலையில் அவற்றின் கேபிள்கள் வெந்துவிட்டன. உலைக்குள் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. யுரேனியத்துக்கு மேலே சுமார் 4 அடித் தண்ணீர்தான் மிச்சம்.

அப்போது உலையை ஓட்டியவர்கள் புத்தியை உபயோகித்தார்கள். உலைக்குள் இருந்த நீராவி அழுத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு, இதற்கென்று வைக்கப்படாத வேறு பம்புகளைக் கொண்டு தண்ணீர் விட்டார்கள். தண்ணீர் மட்டம் ஏறியது!

தீயணைக்கும் படை, பக்கத்தில் உள்ள ஏதென்ஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. படைத் தலைவர், "தண்ணீர் அடித்தால் அணையும்" என்றார். மின்சாரக் கேபிளில் தண்ணீர் அடிப்பதா என்று நிலையத்தின் அதிகாரிகள் தயங்கினார்கள். மணி இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஓடியது. மாலை ஏழு மணி வாக்கில் தண்ணீர் அடிக்கச் சம்மதித்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் தீ அணைந்தது! 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் நாசம். விஷக் கதிர் வெளியே வரவில்லை. ஆனால் இரண்டு உலைகளும் ஓராண்டுக்கு மேல் ஓடவில்லை.

பயப்பட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. மின்சாரத்தில் தண்ணீர் படக் கூடாது என்று குழந்தைக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். ஆனால் எந்தத் தீக்கு எது, எப்போது, எப்படி என்பதைத் தீப்பிடித்த பிறகு உட்கார்ந்து விவாதிக்க முடியுமா?

நரோரா

அடுத்தது நம் நாட்டில் நடந்தது.

உத்தரப்பிரதேசத்தில், கங்கைக் கரையில் நரோரா என்ற ஊர். அங்கே உள்ள அணு உலைகள், நம் கல்பாக்கத்தில் கட்டிய உலைகளின் ஜாதியைச் சேர்ந்தவை. கனநீர் உபயோகிப்பவை.

1993-ம் ஆண்டு மார்ச் மாதம் 31-ந் தேதி. அதிகாலை மூன்றரை மணி. ஊர் தூங்குகிறது. முதல் உலையில் இரவு "ஷிப்டு" ஆட்கள் விழித்திருக்கிறார்கள்.

திடீரென்று ஒரு பெரிய சத்தம். நீராவியால் சுழலும் டர்பைன் சக்கரத்தில் இரண்டு தகடுகள் ஒடிந்துவிட்டன. அந்த வேகத்தில் இயந்திரம் முழுவதும் கிடுகிடு என்று ஆடியது. மின்சார ஜெனரேட்டரைக் குளிர வைக்கும் ஹைடிரஜன் வாயு வெளியே பாய்ந்தது. எண்ணெயும் கொட்டியது. குப்பென்று தீப்பிடித்தது.

உலையை ஓட்டியவர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. கையாலேயே உலையை நிறுத்தினார். வேகமாகக் குளிர வைக்கும் வேலையையும் தொடங்கினார்கள்.

ஆனால் தீ கேபிள் வழியாக ஓடியது. மின்சாரம் போனால் உதவுவதற்கு டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் கேபிள்களும் அதே வழியில்தான் போட்டிருந்தன! எல்லாம் எரிந்தன. நிலையம் இருட்டில் மூழ்கியது. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நுழைந்தது. மூச்சுத் திணறியது. ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆபத்துக்கென்று இருந்த இன்னொரு கட்டுப்பாட்டு அறையிலும் மின்சாரம் இல்லை.

உலைக்குள் என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு விளக்கும் எரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

சில ஊழியர்கள் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கட்டிடத்தின் உச்சிக்கு ஏறினார்கள். அங்கே "போரான்" என்ற பொருள் கலந்த கரைசல் இருந்தது. அது உலைக்குள் போனால், உலை மீண்டும் பற்றிக்கொள்ளாது. அதற்கு மின்சாரம் வேண்டாம். மேலிருந்து தானாகவே இறங்கும். வால்வைத் திறக்க ஒரு மனிதக் கை வேண்டும், அவ்வளவுதான். திறந்தார்கள்.

வேறு சிலர் டீசல் பம்புகளை ஓட்டினார்கள். அவை தீயணைப்பதற்காக வைத்த பம்புகள். அந்தத் தண்ணீரை உலையின் வெப்பத்தை எடுக்கும் கொதிகலன்களுக்குத் திருப்பிவிட்டார்கள். தீயணைக்கும் தண்ணீர் உலையையும் காப்பாற்றியது!

பெரிய தீயைச் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் அணைத்தார்கள். ஆனால் 17 மணி நேரம் அந்த உலைக்கு மின்சாரம் இல்லை. விஷக் கதிர் வெளியே வரவில்லை.

அன்று அந்த ஆட்களின் கையும் காலும் புத்தியும் வேலை செய்ததால் பிழைத்தோம். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு கேள்வி. ஒரே வழியில் எல்லாக் கேபிள்களையும் போடக் கூடாது என்பது பிரௌன்ஸ் பெர்ரியில் கற்ற பாடம். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அது நரோராவுக்கு எட்டவில்லையே, ஏன்? நரோராவுக்குப் பிறகுதான் நம் நிலையங்களில் கேபிள்களைப் பிரித்துப் போடுவதும், தீ தாண்டாமல் தடுப்பு வைப்பதும் மும்முரமாக நடந்தன. டர்பைன் தகடுகளையும் மாற்றினார்கள்.

பொம்மை உலை

இப்படிப்பட்ட ராத்திரிக்கு ஓர் ஆளை எப்படித் தயார் செய்வது? நிஜ உலையில் தீ வைத்துப் பழக முடியாது.

அதற்காகப் "பொம்மை உலை" செய்திருக்கிறார்கள். கட்டுப்பாட்டு அறை போலவே ஓர் அறை. அதே பலகை, அதே பொத்தான்கள், அதே விளக்குகள், அதே மணிச் சத்தம். பின்னால் உலை இல்லை, கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் இத்தகைய பயிற்சி அறைகள் உண்டு.

வாத்தியார் பக்கத்து அறையில் இருப்பார். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் இங்கே ஒரு குழாய் "வெடிக்கும்". இன்னொன்றை அழுத்தினால் பம்பு "நிற்கும்". மின்சாரம் அடியோடு போவதும் பாடங்களில் ஒன்று. மாணவர்கள் சமாளிக்க வேண்டும். தப்புச் செய்தால் உலையை அப்படியே நிறுத்தி, "இந்த இடத்தில் என்ன பார்த்தீர்கள்? ஏன் அதைத் தொட்டீர்கள்?" என்று கேட்பார். பிறகு அதே விபத்து மறுபடியும் வரும்.

இந்தப் பொம்மை உலைகள் பெருகியதற்கும் ஒரு விபத்துதான் காரணம். 1979-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி அமெரிக்காவில் "திரீ மைல் ஐலண்டு" உலையில் ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் இருந்த விளக்கோ, வால்வு மூடிவிட்டது போலக் காட்டியது. தண்ணீர் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர்களோ தண்ணீர் அதிகம் இருப்பதாக எண்ணி, உள்ளே வந்த தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள்! உலையின் உட்பகுதியில் பாதி அளவு உருகியது. அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. அந்த மாதிரி விபத்தை அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. விசாரணைக் கமிஷன் பயிற்சியில் இருந்த குறைகளைக் கடுமையாகச் சொன்னது.

நம் நாட்டில் உலையை ஓட்ட லைசென்ஸ் வேண்டும். கார் ஓட்டும் லைசென்ஸ் மாதிரி ஒரு நாளில் கிடைத்துவிடாது. வகுப்பில் படிக்க வேண்டும். நிலையத்தில் நடந்து நடந்து ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது, ஒவ்வொரு வால்வும் எங்கே இருக்கிறது என்று கற்க வேண்டும். எழுத்துப் பரீட்சை உண்டு. பொம்மை உலையில் பரீட்சை உண்டு. நிலையத்துக்குள் கூட்டிக்கொண்டு போய், "இது என்ன? அது எதற்கு?" என்று கேட்கும் பரீட்சையும் உண்டு. உடல் நலம் பார்ப்பார்கள். லைசென்ஸ் வாங்கிய பிறகும் சும்மா விடுவதில்லை; காலம் முடிந்ததும் மறுபடி பரீட்சை!

பேசுவதற்குக்கூடப் பயிற்சி இருக்கிறது. மேலதிகாரி, "இரண்டாம் நம்பர் வால்வைத் திறவுங்கள்" என்பார். கேட்டவர் உடனே ஓடக் கூடாது. "இரண்டாம் நம்பர் வால்வைத் திறக்கிறேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்று பதில் வந்த பிறகுதான் கையை வைக்கலாம். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். பத்து மணிகள் ஒரே சமயத்தில் அலறும்போது "இரண்டு" என்பது "மூன்று" என்று காதில் விழுந்தால் என்ன ஆகும்?

ஐந்து பேர்

தீயணைக்கும் பயிற்சி தனி.

பிரௌன்ஸ் பெர்ரி தீக்குப் பிறகு, 1980-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. ஒவ்வொரு "ஷிப்டி"லும் குறைந்தது ஐந்து பேர் கொண்ட தீயணைக்கும் குழு இருக்க வேண்டும். வெளியூர்ப் படை வரும்வரை காத்திருக்கக் கூடாது. குழுத் தலைவருக்கும் இன்னும் இருவருக்கும் உலையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கேபிள் எரிந்தால் எது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா? "ஷிப்டு" அதிகாரி மட்டும் இந்தக் குழுவில் சேரக் கூடாது. அவர் தீயைப் பார்க்கப் போய்விட்டால் உலையை யார் பார்ப்பது?

ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது உண்மைத் தீயை அணைத்துப் பழக வேண்டும். முகமூடியும் காற்றுச் சிலிண்டரும் மாட்டிக்கொண்டு பழக வேண்டும். முதுகில் பாரம், முகத்தில் கண்ணாடி, காதில் தன் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். புகை மேலே ஏறும் ஆகையால், தரையோடு தரையாகத் தவழ்ந்து போக வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒத்திகை உண்டு. ஆண்டில் ஒன்றாவது முன்கூட்டிச் சொல்லாமல் நடக்கும். இரவு "ஷிப்டு"க்காரர்களுக்கும் விதிவிலக்கு இல்லை.

சங்கு ஊதும். காப்பிக் கோப்பை மேஜையில் அப்படியே இருக்கும். ஐந்து பேரும் முகமூடிக்கு ஓடுவார்கள். பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யார் எத்தனை நிமிடத்தில் வந்தார், குழாயை யார் எடுத்தார், தகவலை யாருக்குச் சொன்னார் என்று எழுதிக்கொள்வார். ஒத்திகை முடிந்ததும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு, வியர்வை காயும் முன்பே அவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்.