பன்னாட்டு உறவுக் கல்வியில் தேசியப் பார்வை

பன்னாட்டு உறவுகள் அமெரிக்காவில் உருப்பெற்ற சமூக அறிவியல் என்று ஸ்டான்லி ஹாஃப்மன் 1977இல் எழுதினார். இந்தியாவில் இத்துறையின் உயராய்வுக் கல்வி, 1955இல் தில்லியில் ஏ. அப்பாதுரையை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய இந்தியப் பன்னாட்டுக் கல்விப் பள்ளியில் வேரூன்றியது. அது 1970இல் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. வட்டார ஆய்வுகள் அங்கு முதன்மை பெற்றன. எனினும் கோட்பாட்டுப் பாடங்கள் பெரிதும் மேலை நூல்களையே சார்ந்தன.

பிறநாட்டுக் கோட்பாட்டைப் பயில்வது குறையன்று. அதனை உள்நாட்டுச் சான்றுகளால் சோதிக்காமையே குறை. பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தை உள்ளடக்கிய திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி இதற்கு உரைகல். 1974ஆம் ஆண்டின் பல்லிழை ஒப்பந்தவழி மேலைநாடுகள் விதித்த இறக்குமதி ஒதுக்கீடுகள் 2005 சனவரி 1இல்தான் முற்றும் நீங்கின. வல்லரசுகளின் பேரத்தை மட்டும் நோக்கும் கோட்பாடு, அவ்வொதுக்கீட்டின்கீழ் இயங்கிய சிறு தொழிற்கூடங்களைக் காண்பதில்லை. அவற்றையும் தரவாகக் கொள்ளும் பாடத்திட்டமே தேசியப் பார்வை உடையதாகும்.