வெளிநாட்டில் ஏ.ரீ.எம். காட்: கண்ணுக்குத் தெரியாத கொமிஷன்

வியாபாரத்தில் இலாபம் விற்கும்போது வருவதல்ல, வாங்கும்போதே வந்துவிடுகிறது என்று எமது மூத்த வியாபாரிகள் சொல்வார்கள். அதனால்தான் ஒரு கல்லின் விலையில் ஐந்து டொலரைக் குறைக்க அரை நாள் பேரம் பேசுகிறோம். ஆனால் அந்தக் கல்லுக்குக் கொடுக்கும் காசை வெளிநாட்டில் எப்படிக் கையில் எடுக்கிறோம், அதற்கு எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்குப் பார்ப்பவர்கள் எம்மில் மிகக் குறைவு. வெளிநாட்டு ஏ.ரீ.எம். இயந்திரத்தில் எமது காட்டைப் போட்டுக் காசு எடுக்கும்போது கழியும் கட்டணங்களைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம்.

உதாரணத்துக்குத் தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். பேருவளை சீனன்கோட்டையிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் மாணிக்க வியாபாரத்துக்காக பேங்கொக்குக்கும் சந்தபுரிக்கும் சென்று, அங்கேயே மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தங்கியிருக்கும் எமது சகோதரர்கள் பலர். ஆடை, பாதணி, அலங்காரப் பொருட்கள் வாங்க பேங்கொக்கின் பிரத்துனாம் சந்தைக்குப் போய்வருவோரும் ஏராளம். இவர்கள் எல்லோரும் அந்நாட்டில் வெளிநாட்டவர்களே. வெளிநாட்டு வங்கியின் காட்டை வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனிக் கட்டணம் இருக்கிறது.

நான்கு இடங்களில் கழிகிறது

முதலாவது, இயந்திரத்தின் சொந்தக்கார வங்கி எடுக்கும் கட்டணம். தாய்லாந்து வங்கிகள் வெளிநாட்டு காட்டுகளுக்கு 2009 ஆம் ஆண்டில் ஒரு தடவைக்கு 150 பாத் அறவிடத் தொடங்கின. பின்னர் அது 180, 200 என்று ஏறி 220 பாத் ஆனது. இயந்திரத்துக்கு இயந்திரம் தொகை வேறுபடலாம். காசு வெளிவர முன்னர் திரையில் அதைக் காட்டுவார்கள். விருப்பமில்லையென்றால் இரத்துச் செய்யலாம். நீங்கள் 1,000 பாத் எடுத்தாலும் 20,000 பாத் எடுத்தாலும் இந்தக் கட்டணம் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1,000 பாத்துக்கு 220 என்றால் நூற்றுக்கு 22. 5,000 பாத்துக்கு நூற்றுக்கு 4.4. 20,000 பாத்துக்கு நூற்றுக்கு 1.1 மட்டுமே.

இந்தக் கட்டணம் வங்கிக் கூற்றில் தனியாகத் தெரியாது. 5,000 பாத் எடுத்தால் 5,220 பாத் எடுத்ததாகவே உங்கள் வங்கிக்குக் கணக்குப் போகும். அது ரூபாயாகவோ திர்ஹமாகவோ மாற்றப்பட்டு ஒரே தொகையாக வரும்போது 220 எங்கே போனது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது, உங்கள் சொந்த வங்கி எடுப்பது. வெளிநாட்டில் காசு எடுத்ததற்காக ஒரு தடவைக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான கட்டணம் இருக்கலாம். அதற்கு மேலாக வெளிநாட்டு நாணயக் கொடுக்கல் வாங்கலுக்கென்று நூற்றுக்கு 1 முதல் 3 வரை சேர்க்கும் வங்கிகள் உலகெங்கும் உள்ளன. சில வங்கிகள் இதைக் கட்டணம் என்று சொல்லாமல் நாணயமாற்று வீதத்துக்குள்ளேயே வைத்துவிடுகின்றன.

மூன்றாவது, நாணயமாற்று வீதம். வீஸா, மாஸ்டர்காட் போன்ற நிறுவனங்கள் நாளாந்தம் தமது வீதத்தை வெளியிடுகின்றன. அது பொதுவாக மொத்தச் சந்தை வீதத்துக்குக் கிட்டியதாகவே இருக்கும். ஆனால் நீங்கள் காசு எடுத்த நேரத்து வீதம்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கணக்கு இறுதியாகப் பதியப்படும்போது உள்ள வீதம் வேறாக இருக்கலாம். சாதாரண காலத்தில் இது பெரிய விடயமல்ல. ஆனால் 2022 மார்ச்சில் எமது ரூபாய் டொலருக்கு ஏறக்குறைய 200 இலிருந்து சரியத் தொடங்கி, மே மாதமளவில் 360 வரை போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியான காலத்தில் இரண்டு நாள் தாமதமும் காசுதான்.

நான்காவதுதான் மிகவும் கவனிக்க வேண்டியது. காசு எடுக்கும்போது இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். "இந்தத் தொகையை உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடட்டுமா?" என்பதே அதன் கருத்து. எமது நாட்டு நாணயத்திலேயே தொகையைப் பார்க்க மனதுக்கு நிம்மதியாக இருக்கும். உடனே "ஆம்" என்று அழுத்திவிடுவோம். அழுத்தியதும் நாணயமாற்று உங்கள் வங்கியின் கையை விட்டு இயந்திரக்காரரின் கைக்குப் போய்விடுகிறது. அவர் வைக்கும் வீதம் சந்தை வீதத்தை விட நூற்றுக்கு 3, 5, சில இடங்களில் அதற்கும் மேலாக மோசமாக இருக்கும். இதிலும் ஒரு வேடிக்கை, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிட்ட பிறகும், கொடுக்கல் வாங்கல் வெளிநாட்டில் நடந்தது என்று சொல்லி உங்கள் வங்கி தன் பங்கை எடுக்க முடியும்.

ஆகவே "வித் கொன்வேர்ஷன்", "வித்தவுட் கொன்வேர்ஷன்" என்று இரண்டு பொத்தான்கள் வந்தால் "வித்தவுட்" என்பதையே அழுத்த வேண்டும். "டிக்ளைன்" என்று இருந்தால் அதை அழுத்தப் பயப்பட வேண்டாம். மறுப்பது நாணயமாற்றை மட்டுமே; காசு வழமைபோல வரும். கடைகளில் காட்டைத் தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். அங்கேயும் பாத்தில் கணக்கிடும்படி சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, இப்படி மாற்றும்போது எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும் என்று விதித்தது. இது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு அதுவே சான்று.

ஒரு சிறு கணக்கு

தாய்லாந்தில் தங்கியிருக்கும் ஒருவர் மாதம் 30,000 பாத் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வங்கி நூற்றுக்கு 3 எடுக்கிறது. இயந்திரக்காரரின் நாணயமாற்றில் நூற்றுக்கு 5 போகிறது.

அவர் 5,000 பாத்தாக ஆறு தடவை எடுத்து, ஒவ்வொரு தடவையும் "ஆம்" என்று அழுத்தினால்: இயந்திரக் கட்டணம் 1,320 பாத். நாணயமாற்றில் 1,500 பாத். சொந்த வங்கிக்கு 900 பாத். மொத்தம் 3,720 பாத். அதாவது நூற்றுக்கு 12.4.

அதே மனிதர் 15,000 பாத்தாக இரண்டே தடவை எடுத்து, நாணயமாற்றை மறுத்தால்: இயந்திரக் கட்டணம் 440 பாத், சொந்த வங்கிக்கு 900 பாத். மொத்தம் 1,340 பாத். நூற்றுக்கு ஏறக்குறைய 4.5.

வித்தியாசம் மாதத்துக்கு 2,380 பாத். வருடத்துக்கு 28,560 பாத். ஏறக்குறைய ஒரு மாதச் செலவே மிச்சம். இதற்கு எந்த முதலீடும் தேவையில்லை. எந்தப் பொத்தானை எத்தனை தடவை அழுத்துவது என்று தெரிந்தால் போதும். நூற்றுக்கு 10 இலாபத்தில் வியாபாரம் செய்பவர் நூற்றுக்கு 12 ஐ இயந்திரத்துக்குக் கொடுத்தால் அவர் யாருக்காக வியாபாரம் செய்கிறார்?

எமது மாணிக்க வியாபாரிகளுக்கு இதில் ஒரு பழைய பாடம் உண்டு. 1970 களின் பிற்பகுதியில், எம்மவர்கள் பெறுமதியில்லை என்று ஒதுக்கிய பால் நிறக் கெவுடக் கற்களைத் தாய்லாந்து வியாபாரிகள் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்று, சூடேற்றி நீலக்கற்களாக மாற்றி விற்றார்கள். விடயம் தெரிந்தவர் சம்பாதித்தார், தெரியாதவர் இழந்தார். ஏ.ரீ.எம். விடயமும் அப்படித்தான்.

கிரெடிட் காட்டில் காசு எடுப்பது

டெபிட் காட்டில் நீங்கள் எடுப்பது உங்கள் கணக்கிலுள்ள உங்கள் காசு. கிரெடிட் காட்டில் எடுப்பது வங்கியிடம் வாங்கும் கடன். பொருள் வாங்கினால் சில வாரம் வட்டியில்லாத தவணை கிடைக்கும். காசாக எடுத்தால் பொதுவாக அந்தத் தவணை கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்கு மேல் தொகையில் இத்தனை சதவீதம் என்று இன்னொரு கட்டணமும் வரும்.

இது வெறும் நஷ்டம் பற்றிய விடயமல்ல, ஹலால் ஹராம் பற்றிய விடயமுமாகும். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி 2000 ஆம் ஆண்டில் ரியாதில் நடந்த தனது 12 ஆவது அமர்வில் இதைப் பற்றித் தீர்மானம் எடுத்தது. கணக்கில் காசில்லாத காட்டின் மூலம் காசு எடுப்பது வங்கியிடமிருந்து பெறும் கடன் என்றும், கடன் தொகையுடனோ காலத்துடனோ தொடர்புபடாத, சேவைக்கான நிலையான கட்டணம் வட்டியாகாது என்றும், உண்மையான சேவைக்கு மேலாக எடுப்பது வட்டியே என்றும் அது விளக்கியது. ஆகவே கட்டணம் எல்லாமே வட்டி என்று பயப்படவும் தேவையில்லை. கட்டணம் என்ற பெயரில் வருவதெல்லாம் கூலிதான் என்று சமாதானம் சொல்லவும் முடியாது. உங்கள் காட்டின் நிபந்தனைகளை எடுத்துச் சென்று, விடயம் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறருடைய முதலில் வியாபாரம் செய்பவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒருவர் முதல் போட, மற்றவர் பயணம் போய்ச் சரக்கு வாங்கி வருவது எம்மிடையே வழமையானது. அந்தக் காசு அமானிதம். பொத்தானை அழுத்திய அவசரத்தில் போன நூற்றுக்கு எட்டோ பத்தோ முதல் போட்டவரின் காசு. பயணச் செலவில் "காட் கட்டணம்" என்று தனி வரி போட்டு, பற்றுச்சீட்டுகளோடு கணக்குக் காட்டினால் பங்காளிகளுக்கிடையில் மனக்கசப்பு வராது.

செய்யக்கூடியவை

அங்கேயே நீண்ட காலம் தங்குபவர்களுக்குச் சிறந்த வழி அந்நாட்டு வங்கியில் கணக்குத் திறப்பது. தாய்லாந்தில் வேலை அனுமதிப்பத்திரமோ நீண்டகால வீசாவோ கேட்பார்கள். சுற்றுலா வீசாவில் கிடைப்பது அரிது. ஒரு கிளையில் மறுத்தால் வேறு கிளையில் கேட்டுப் பார்க்கலாம். கணக்கிருந்தால் வெளிநாட்டு காட்டுக்கான கட்டணம் இல்லை. 2018 ஆம் ஆண்டில் அங்குள்ள பெரிய வங்கிகள் கைத்தொலைபேசி மூலமான பணமாற்றலுக்கான கட்டணங்களையும் நீக்கிவிட்டன.

கணக்குத் திறக்க முடியவில்லை என்று இன்னொருவருடைய கணக்கை வாங்கிப் பாவிக்கும் வேலை மட்டும் வேண்டாம். மோசடிக்காரர்கள் இப்படியான கணக்குகளைப் பாவிப்பதால் தாய்லாந்து 2023 மார்ச்சில் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. பிறர் மோசடிக்குப் பாவிக்கத் தன் கணக்கைக் கொடுப்பவருக்கு 3 வருடம் வரை சிறையும் 300,000 பாத் வரை தண்டமும் விதிக்கலாம். பெயரைக் கொடுத்து உதவுபவரையும் ஆபத்தில் மாட்டிவிடக் கூடாது. உண்டியல் வழியும் சட்டத்துக்குப் புறம்பானதே.

சில நாட்கள் மட்டும் போய்வருபவர்கள் ஓரளவு டொலர் தாளாகக் கொண்டு சென்று, நகரத்திலுள்ள அனுமதி பெற்ற நாணயமாற்றுநரிடம் கடவுச்சீட்டைக் காட்டி மாற்றலாம். விமான நிலையக் கருமபீடத்தை விட நகரத்தில் பொதுவாக நல்ல வீதம் கிடைக்கும். ஆனால் கையில் காசு வைத்திருப்பதில் திருட்டுப் பயம் உண்டு. சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய எல்லையையும் இங்கும் அங்கும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

சரக்குக்கான பெரிய தொகையை ஏ.ரீ.எம். இல் எடுத்துக் கொடுப்பது எந்த வகையிலும் புத்திசாலித்தனமல்ல. விலைப்பட்டியலைக் காட்டி வங்கி மூலம் அனுப்புவதே ஒழுங்கு. இரு பக்கத்து வங்கிக் கட்டணங்களையும் யார் ஏற்பது என்பதை விற்பவரோடு முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இடையிலுள்ள வங்கி கழித்த 20, 30 டொலருக்காகச் சரக்கு அங்கேயே தங்கிவிடும்.

காட்டைப் பாவிக்கத்தான் வேண்டுமென்றால் இவற்றை மனதில் வையுங்கள். பயணத்துக்கு முன் வங்கிக்குச் சென்று காட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு என்ன கட்டணம், நூற்றுக்கு எத்தனை, ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கிளையோடு சேர்ந்த இயந்திரத்தில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். காட் சிக்கினால் உள்ளே போய்ச் சொல்லலாம். பல இயந்திரங்களில் காசு வந்த பிறகே காட் வெளியே வரும். காசை எண்ணிய சந்தோஷத்தில் காட்டை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். காசு வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் துண்டைப் பத்திரப்படுத்தி உடனே உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள்.

ஊர் திரும்பியதும் வங்கிக் கூற்றை எடுத்து, கையில் கிடைத்த ஒவ்வொரு பாத்துக்கும் எத்தனை ரூபாய் போயிருக்கிறது என்று ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். அதுதான் நீங்கள் பாத்தை வாங்கிய உண்மையான விலை. சரக்கின் விலையைப் போடும்போது அந்த விலையிலேயே கணக்குப் போட வேண்டும். அல்லாஹ் எமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக.