குணமும் கோளாறும்

முன்கோபி, வாயாடி, அழுத்தக்காரர், வெள்ளந்தி, கஞ்சன், கறார்ப் பேர்வழி, தொட்டாற்சிணுங்கி. ஒருவரைப் பற்றி ஊர் பேசும்போது வந்து விழும் இந்தச் சொற்கள் எல்லாமே ஆளுமைப் பண்புகளின் பெயர்கள்தாம். பண்பு வேறு, மனநிலை வேறு. மேலதிகாரி திட்டிய நாளில் வீட்டுக்கு வந்து எரிந்து விழுவது மனநிலை; விடிந்தால் மாறிவிடும். வீட்டிலும் அலுவலகத்திலும் பேருந்திலும், இருபது வயதிலும் நாற்பது வயதிலும், சின்னத் தூண்டுதலுக்கே கோபம் பொங்கும் என்றால் அது பண்பு. இடமும் காலமும் மாறினாலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சாய்வையே உளவியல் பண்பு என்கிறது.

மனிதர்களுக்கு முக்கியமாகப் படும் எந்தக் குணத்துக்கும் மொழியில் ஒரு சொல் இருக்கும் என்ற எண்ணத்தோடு, அமெரிக்க உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பெர்ட்டும் ஓர் ஆங்கில அகராதியைச் சலித்தெடுத்தனர். 1936இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் 17,953 சொற்கள் இருந்தன. அவற்றில் நிலையான குணத்தைச் சுட்டுபவை ஏறத்தாழ 4,500. அத்தனையும் தனித்தனிக் குணங்கள் அல்ல. கலகலப்பானவர் பெரும்பாலும் பேச்சுக்காரராக இருப்பார், கூட்டத்தையும் விரும்புவார். எந்தெந்தச் சொற்கள் ஒன்றையொன்று கூட்டி வருகின்றன என்று கணக்குப் போட்டுச் சுருக்கும் வேலையை ரேமண்ட் கேட்டல் 16 காரணிகளில் நிறுத்தினார். ஹான்ஸ் ஐசென்க் மூன்று போதும் என்றார். பிறகு பலர் தனித்தனியே செய்த ஆய்வுகள் ஐந்தில் வந்து கூடின. இன்று ஆய்வாளர்கள் அதிகம் கையாளும் 'பிக் ஃபைவ்' அளவுகோல் அதுதான்.

ஐந்தில் முதலாவது புதியதை நாடும் மனம். இரண்டாவது பொறுப்புணர்வு, எடுத்த வேலையைச் சொன்ன நேரத்தில், சொன்னபடி முடிக்கும் குணம். மூன்றாவது புறமுகத்தன்மை. நாலு பேரோடு இருக்கும்போது தெம்பு கூடுகிறதா குறைகிறதா என்பது இதில் தெரியும். நான்காவது இணக்கம், பிறரை நம்புவது, விட்டுக்கொடுப்பது, இரங்குவது எல்லாம் இதில் அடங்கும். ஐந்தாவது உணர்ச்சித் தளம்பல். கவலை, பயம், குற்றவுணர்வு எவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்கின்றன என்பதன் அளவு அது.

இவை உயரம், எடை போன்றவை. ஊரில் மிகக் குட்டையானவரும் மிக நெட்டையானவரும் சிலரே, பெரும்பாலோர் நடுவில். பண்பும் அப்படித்தான். மனிதர்களை அகமுகர், புறமுகர் என்பதுபோல இரண்டிரண்டாகப் பிரித்து 16 வகைகளில் அடைக்கும் தேர்வுகள் அலுவலகப் பயிற்சிகளில் பரவலாக நடக்கின்றன. அவற்றின் அடிப்படைக் குறையே இந்தப் பிரிப்புதான். கோட்டுக்கு அருகில் நிற்பவர் அதே தேர்வைச் சில வாரம் கழித்து எழுதினால் வேறொரு வகைக்குப் போய்விடுகிறார்.

குணம் பிறப்பிலா வளர்ப்பிலா என்ற பழைய வழக்குக்கு இரட்டையர் ஆய்வுகள் ஓரளவு தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. மனிதர்களுக்கிடையே காணும் பண்பு வேறுபாட்டில் சுமார் 40 முதல் 50 சதவீதம் மரபணுவோடு தொடர்புடையது. மீதி வாழ்க்கை தருவது. மரபணுவின் பங்கு இருப்பதால் குணம் மாறாது என்று பொருளில்லை. இருபது வயதிலிருந்து நடுவயது வரை, சராசரியாகப் பார்த்தால், பொறுப்புணர்வும் இணக்கமும் கூடுகின்றன, தளம்பல் குறைகிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற பழமொழி பாதிதான் உண்மை.

அப்படியானால் ஒரு குணம் எப்போது கோளாறு ஆகிறது? அளவு மிகுந்தால் மட்டும் போதாது. மிகவும் கூச்சப்படுபவர் தனக்கேற்ற வேலையும் இரண்டு நல்ல நண்பர்களுமாக நிறைவாக வாழலாம். அவருக்கு எந்தக் கோளாறும் இல்லை. ஜெர்மானிய மனநல மருத்துவர் கர்ட் ஷ்னைடர் 1923இல் சொன்ன வரையறையின் சாரம் இன்றும் பொருந்துகிறது: வழக்கத்திலிருந்து விலகிய ஆளுமையால் அவரே துன்பப்பட வேண்டும், அல்லது சுற்றியுள்ளவர்கள் துன்பப்பட வேண்டும். இன்றைய மருத்துவம் இன்னும் சிலவற்றைக் கேட்கிறது. அந்தப் போக்கு பதின்ம வயதிலோ இளமையிலோ தொடங்கி நீடித்திருக்க வேண்டும். சிந்தனை, உணர்ச்சி, உறவு, உந்துதலை அடக்கும் திறன் ஆகியவற்றில் இரண்டிலாவது தெரிய வேண்டும். சூழ்நிலை எதுவானாலும் வளையாததாக இருக்க வேண்டும். வேலையையோ உறவையோ கெடுக்க வேண்டும். ஐம்பது வயதுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று வேறு ஆளாக மாறினால் அது ஆளுமைக் கோளாறு அல்ல. மூளையையும் உடலையும் பரிசோதிக்க வேண்டிய நிலை அது.

அவரவர் வாழும் பண்பாட்டின் எதிர்பார்ப்பிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. முப்பது வயதில் பெற்றோருடன் வாழ்வதும், கல்யாணம், வீடு வாங்குவது போன்றவற்றைப் பெரியவர்களைக் கேட்டு முடிவு செய்வதும் தமிழ்க் குடும்பத்தில் இயல்பு. அமெரிக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதைச் சார்புக் கோளாறு என்று எழுதினால் தவறு மருத்துவருடையது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு 1980இல் ஆளுமைக் கோளாறுகளுக்குத் தெளிவான அறிகுறிப் பட்டியல்களைக் கொடுத்தது. அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு பத்து வகைகளை மூன்று கொத்துகளாக வைத்திருக்கிறது.

முதல் கொத்தில் இருப்பவர்கள் பிறர் கண்ணுக்கு விநோதமாகத் தெரிபவர்கள். சந்தேக ஆளுமைக்காரர் சாதாரணப் பேச்சிலும் உள்குத்தைத் தேடுவார். பழைய மனத்தாங்கலை விடமாட்டார். ஸ்கிசாய்டு வகையினருக்கு உறவே தேவைப்படுவதில்லை. புகழ்ச்சியும் வசையும் அவர்களுக்கு ஒன்றுபோல. ஸ்கிசோடைப்பல் வகையில் தனிமையோடு விசித்திரமான நம்பிக்கைகளும் பேச்சும் சேர்ந்துகொள்கின்றன. ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோய்க்கு மரபுவழியில் நெருங்கிய உறவுடையது இது.

இரண்டாவதைக் கடைசியில் பார்க்கலாம்; மூன்றாவது கொத்தின் அடிநாதம் பயம். தவிர்க்கும் ஆளுமைக்காரர் ஸ்கிசாய்டு போல ஒதுங்கியிருந்தாலும், அவருக்கு உறவு வேண்டும். ஏளனம் செய்துவிடுவார்களோ என்ற அச்சம்தான் வாசலிலேயே நிறுத்துகிறது. சார்பு ஆளுமைக்காரர் தனித்து விடப்படுவதற்கு அஞ்சி எதற்கும் தலையாட்டுவார். மூன்றாம் வகை, எல்லாம் குறையின்றி இருக்க வேண்டும் என்று விதிகளிலும் பட்டியல்களிலும் மூழ்கி, வேலையையே முடிக்க முடியாமல் போகும் ஒழுங்குப்பிடி ஆளுமை. ஓ.சி.டி. என்று பேச்சுவழக்கில் அடிபடும் நோய் இதுவல்ல. ஓ.சி.டி. நோயாளிக்குத் தன்னைக் கைகழுவச் சொல்லும் எண்ணம் வேண்டாத தொல்லை. ஒழுங்குப்பிடிக்காரருக்கோ தன் வழியே சரி, மற்றவர்கள்தான் அலட்சியக்காரர்கள்.

இரண்டாவது கொத்துதான் அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகப் பேசப்படுவதும் அதுவே. கூட்டத்துக்கு வராதவரை 'ஆன்டிசோஷியல்' என்கிறார்கள். சமூகவிரோத ஆளுமை என்பது பிறர் உரிமையைப் பொருட்படுத்தாமல் ஏமாற்றுவதும் தாக்குவதும் அதற்காக வருந்தாததும் ஆகும். 18 வயதுக்கு முன் அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு இருந்ததற்கான சான்றும் வேண்டும். தன்மோக ஆளுமை சமூக ஊடகங்களில் பிரிந்துபோன கணவனையும் மாமியாரையும் திட்டும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. உண்மையில் அதன் பெருமிதத்துக்கு அடியில் மெல்லிய ஓடு போன்ற தன்மதிப்பு இருக்கிறது; பாராட்டு நின்றால் விரிசல் விடுகிறது. எப்போதும் கவனத்தின் நடுவில் இருக்கத் தவிக்கும் நாடகப்போக்கு ஆளுமையும் இக்கொத்தில் உண்டு.

மீதி ஒன்று பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. மருத்துவமனைகளில் இதையே அதிகம் பார்க்கிறார்கள். ஆய்வும் சிகிச்சையும் இதில்தான் அதிகம் வளர்ந்திருக்கின்றன. நியூரோசிஸ் எனப்பட்ட மனக்கோளாறுகளுக்கும் பெரும் மனநோய்க்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பவர்கள் என்று கருதி 1938இல் அடால்ஃப் ஸ்டெர்ன் கையாண்ட சொல் இது. அந்தக் கருத்து மறைந்தும் பெயர் ஒட்டிக்கொண்டது. கைவிடப்படுவோம் என்ற பெரும் அச்சம், இன்று தெய்வமாகத் தெரிந்தவர் நாளை துரோகியாகத் தெரியும் உறவுகள், நான் யார் என்பதிலேயே நிலையின்மை, உள்ளே ஓயாத வெறுமை, அடக்க முடியாத கோபம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது எனக் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் உள்ளன. ஐந்து இருந்தால் போதும். அப்படியானால் 256 விதமான சேர்க்கைகளில் ஒரே நோய்ப்பெயர் கிடைக்கும். இரண்டு நோயாளிகளுக்குப் பொதுவாக ஒரே ஓர் அறிகுறி மட்டும் இருக்கவும் கூடும்.

இதை இருதுருவ நோயோடு குழப்பிக்கொள்வது வழக்கம். இருதுருவ நோயில் எழுச்சியும் சோர்வும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பார்டர்லைன் நிலையில் மணிக்கணக்கில் மாறும். பதில் வராத ஒரு குறுஞ்செய்தி போதும். தன்னைக் காயப்படுத்திக்கொள்பவரை 'நடிக்கிறாள்', 'மிரட்டுகிறான்' என்று வீட்டார் ஒதுக்கிவிடுகிறார்கள். அது கொடிய தவறு. பெரும்பாலும் அது தாங்க முடியாத வேதனையைத் தணிக்கும் முயற்சி. தற்கொலை ஆபத்தும் மெய்யானது.

காரணம் ஒன்றல்ல. பிறவியிலேயே உணர்ச்சி கூர்மையான ஒரு குழந்தை, தன் அழுகையும் பயமும் 'இதற்கெல்லாமா' என்று தொடர்ந்து தள்ளப்படும் சூழலில் வளரும்போது, உணர்ச்சியைக் கையாளக் கற்றுக்கொள்ளாமலே பெரிதாகிறது என்பது மார்ஷா லினஹன் முன்வைத்த விளக்கம். சிறுவயதில் வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ உள்ளானவர்கள் இந்தக் கோளாறு உடையவர்களில் அதிகம். எல்லாருக்கும் அப்படி நேர்ந்திருக்கும் என்று கொண்டு பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

லினஹன் அமெரிக்க உளவியலாளர். பதினேழு வயதில் ஹார்ட்ஃபோர்ட் நகரின் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு இரண்டு ஆண்டுக்கும் மேல் அங்கே இருந்தவர். தன் நோயைப் பற்றி 2011இல்தான் வெளிப்படையாகப் பேசினார். அதற்கு வெகு முன்பே அவர் உருவாக்கிய டி.பி.டி. என்னும் சிகிச்சையின் பலனை 1991இல் வெளியான சோதனை காட்டியிருந்தது. அதைப் பெற்றவர்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. நோயாளியை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வதும் மாறச் சொல்வதும் ஒருசேர நடக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கணத்தில் கவனம் வைப்பது, வேதனையை மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியை ஆள்வது, உறவில் கேட்கவும் மறுக்கவும் தெரிவது ஆகிய நான்கும் வகுப்பில் பாடம்போலக் கற்றுத்தரப்படுகின்றன. லண்டனில் ஆன்டனி பேட்மன், பீட்டர் ஃபோனகி வகுத்த முறை, தன் மனத்திலும் எதிராளி மனத்திலும் ஓடுவது என்னவென்று நிதானித்து ஊகிக்கப் பழக்குகிறது. இந்தக் கோளாறுக்கென்று ஏற்கப்பட்ட மாத்திரை கிடையாது. உடன் வரும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து தரப்படலாம்.

இதிலிருந்து தேற முடியுமா என்பதற்கு அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் மேரி சனரினி குழு நடத்திய நீண்ட ஆய்வு பதில் சொல்கிறது. 290 நோயாளிகளைப் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். 93 சதவீதத்தினருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு தொடர்ச்சியாக, நோய் என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. இந்த முடிவு வருவதற்கு முன் மருத்துவர்களில் பலரே இதை ஆயுள் தண்டனையாக எண்ணியிருந்தனர். ஆயினும் வேலையும் நல்ல உறவும் சேர்ந்து முழுமையாகத் தேறியவர்கள் 50 சதவீதம்தான். கொந்தளிப்பு அடங்கினாலும் இழந்த படிப்பும் வேலையும் உறவும் தானாகத் திரும்புவதில்லை. அந்த மீதித் தூரத்துக்குக் குடும்பமும் வேலை தருபவரும் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பத்துப் பெட்டிகள் என்ற ஏற்பாடே இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. ஒரு பெட்டிக்குப் பொருந்துபவர் மற்றொன்றுக்கும் பொருந்துவது மருத்துவர்களின் அன்றாட அனுபவம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 11 பழைய வகைகளைக் கைவிட்டது. கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது. பிறகு எந்தப் பண்பு மேலோங்குகிறது என்று குறிக்கலாம்: எதிர்மறை உணர்ச்சி, ஒதுக்கம், பிறரைப் பொருட்படுத்தாமை, கட்டுப்பாடின்மை, ஒழுங்குப்பிடி. பார்டர்லைன் போக்கு மட்டும் ஒரு துணைக்குறிப்பாக நீடிக்கிறது. குணத்துக்கும் கோளாறுக்கும் நடுவே மதில் இல்லை, சரிவுதான் இருக்கிறது என்று மருத்துவம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது. இந்த மாற்றம் சரியானது, தாமதமாக வந்தது.

இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி இந்தப் பெயர்களைத் தனக்கோ மனைவிக்கோ சூட்டுவதில் பயனில்லை. மனநல மருத்துவர் சிறுவயது முதலான வரலாற்றைக் கேட்டு, முடிந்தால் வீட்டாரிடமும் பேசி, ஒன்றுக்கு மேற்பட்ட சந்திப்புகளில் முடிவுக்கு வருவார். இந்தியாவில் முதல் அடியாக 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.